எள்–சோயா பாஸ்தா சாலட்: மறுநாள் காய்ந்து சப்பென்று ஆகாமல் இருக்க என்ன வழி?

மிளகுக்கொடி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுறோம். மொத்தம் 20 பேர். எள், சோயா, இஞ்சி வாசனையோட ஒரு பாஸ்தா சாலட் எடுத்துட்டுப் போகணும். முட்டை, கறி வேண்டாம். முந்தின நாள் ராத்திரியே செஞ்சு வைக்கணும், காலையில நேரம் கிடையாது.

இப்போ கையில இருக்கிற அளவு இது. ஃபுசிலி (திருகு மாதிரி சுருண்ட பாஸ்தா) 500 கிராம். பாக்கெட்ல போட்டிருக்கிற 10 நிமிஷம் வேகவச்சு வடிச்சு, ஒட்டாம இருக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டி வைக்கிறது. டிரெஸ்ஸிங்குக்கு சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, வெள்ளை வினிகர் 2, நல்லெண்ணெய் 3, தேன் 1, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 4 பல். காய்கறிக்கு வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய், எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ.

கலந்த உடனே சாப்பிட்டா நல்லா இருக்கு. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சு காலையில எடுத்தா பாஸ்தா விறைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு, டிரெஸ்ஸிங் இருந்த இடமே தெரியல. ஆனா டப்பா அடியில தண்ணி நிக்குது. எள் வாசனை துளிகூட இல்லை. நிறமும் மொத்தமா பழுப்பு. உப்பு, புளிப்பு ரெண்டும் மழுங்கிப் போன மாதிரி.

எந்த இடத்துல மாத்தணும்? டிரெஸ்ஸிங் அளவைக் கூட்டினா போதுமா, இல்ல பாஸ்தா வேகவைக்கிற முறையே வேறயா?

---

வடிகூடை

இரண்டுமே மாற வேண்டும். முதலில் பாஸ்தாவைப் பார்ப்போம், தொல்லை தொடங்குகிற இடம் அதுதான்.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் சூடாகச் சாப்பிடுவதற்கானது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது, தான் உறிஞ்சிய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பழைய சோறு பருக்கை பருக்கையாக விறைப்பதும் இதே காரணத்தால்தான். சூட்டில் பதமாக இருந்த ஃபுசிலி காலையில் நடுத்தண்டு கடினமாகிப் போவது அதனால்தான். குளிர்ந்த சாலட்டுக்கு பாக்கெட் நேரத்துக்கு மேல் 1½ முதல் 2 நிமிடம் விடுங்கள். ஒரு துண்டை எடுத்து நகத்தால் வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது, ஆனால் விரலால் அழுத்தினால் நசுங்கவும் கூடாது. முழுக்க டியூரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தாதான் இந்தக் கூடுதல் இரண்டு நிமிடத்தைத் தாங்கும். மைதா கலந்த வகை ஓரம் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

உப்பு: 500 கிராமுக்கு 4 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. தூள் உப்பு என்றால் தலைதட்டி 2 மேசைக்கரண்டியும் மேலே ஒரு தேக்கரண்டியும். பாஸ்தாவுக்குள் உப்பு ஏறுவது இந்த ஒரே கட்டத்தில்தான். இங்கே குறைத்துவிட்டுப் பிறகு சோயா சாஸை ஊற்றி ஈடுகட்டப் பார்த்தால் வெளியே கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும்.

வடித்ததும் அலசுவது சரியா என்ற கேள்வி எப்போதும் வரும். சூடான சாஸோடு கலக்கும் பாஸ்தாவை அலசக் கூடாது. எண்ணெயும் சோயாவும் கலந்த சாலட்டுக்கு அலசத்தான் வேண்டும். மேலே படிந்திருக்கும் மாவுக் கஞ்சிதான் ஆறியதும் பசையாகி ஒட்டுகிறது. குழாயடியில் அரை நிமிடம், வெதுவெதுப்பாகும் வரை போதும். ஐஸ் போலக் குளிர வேண்டாம். பிறகு வடிகூடையை நன்றாக உதறி ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். ஃபுசிலியின் புரிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும், டப்பா அடியில் நிற்கிற நீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது.

அடுத்து, நீங்கள் புரட்டும் அந்த ஒரு கரண்டி எண்ணெய். அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் போர்த்திய பாஸ்தாவில் சோயாவும் வினிகரும் சரியாக இறங்காது, வழுக்கிக் கீழே போகும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் இல்லாத புளிப்பு–உப்புக் கலவையில் ஒரு பங்கைத்தான் முதலில் ஊற்றிப் புரட்ட வேண்டும். எண்ணெய் அப்புறம்.

அளவு. உங்கள் டிரெஸ்ஸிங் மொத்தம் 135 மி.லி. வருகிறது. 500 கிராம் பாஸ்தா வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், அதோடு முக்கால் கிலோ காய். இதற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும். நான் சொல்லும் அளவு: சோயா சாஸ் 75 மி.லி., அரிசி வினிகர் 75 மி.லி., சர்க்கரை அல்லது தேன் 2 மேசைக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் 60 மி.லி., வறுத்த எள் எண்ணெய் 30 மி.லி., துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, பூண்டு 2 பல்.

சோயா, வினிகர், சர்க்கரை மூன்றையும் கரைத்துவிட்டு அதில் மூன்றில் ஒரு பங்கை வெதுவெதுப்பான பாஸ்தாவில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முழுக்க உறிஞ்சிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. மீதியோடு இரண்டு எண்ணெய்களையும் இஞ்சி பூண்டையும் சேர்த்துப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரவே கலக்க. கடைசிப் பங்கு பாட்டிலிலேயே இருக்கட்டும், பரிமாறும் முன் ஊற்ற. இந்தக் கடைசிப் பங்கு இல்லாமல் எவ்வளவு தாராளமாக ஊற்றினாலும் மறுநாள் காய்ந்துதான் இருக்கும். இரவு முழுக்க பாஸ்தா குடித்துக்கொண்டே இருக்கும்.

காய்கறித் தண்ணீர்: வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு நறுக்குங்கள். 500 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு பிசறி 15 நிமிடம் வைத்து, இரு கையாலும் இறுக்கிப் பிழியுங்கள். முட்டைக்கோஸுக்கும் இதேதான். பிழியாமல் போட்டால் சோயாவில் இருக்கும் உப்பு இந்த வேலையை டப்பாவுக்குள்ளேயே செய்துவிடும். நீங்கள் பார்த்த தண்ணீர் அதுதான். கேரட்டும் குடைமிளகாயும் தொல்லை தராது.

---

செக்கடி

வடிகூடை சொன்ன முறை சரி. ஆனா மிளகுக்கொடி கேட்ட "எள் வாசனை இல்லை", "பழுப்பா போச்சு" ரெண்டுக்கும் பதில் பாட்டில்ல இருக்குங்க. அதைச் சொல்லிடறேன்.

நல்லெண்ணெயும் ஜப்பான், கொரியா, சீனா சமையல்ல வர்ற எள் எண்ணெயும் ஒரே விதையில இருந்து வந்தாலும் வேற வேற சரக்கு. நம்ம செக்குல எள்ளை வறுக்காம ஆட்டுறாங்க, கருப்பட்டியும் சேர்ப்பாங்க. அவங்க எள்ளைச் சிவக்க வறுத்துட்டுப் பிழியறாங்க. நாம தேடுற அந்த வாசனை வறுக்கும்போது பிறக்கிறது. நல்லெண்ணெய் மூணு கரண்டி இல்ல, முப்பது கரண்டி ஊத்தினாலும் அது வராது. கொஞ்சம் கசப்புதான் ஏறும். பாட்டில்ல "டோஸ்டட்"னு போட்டிருக்கும், நிறம் கரும்பொன்னா இருக்கும். வாசனை ரொம்பக் கடுமையானது, அதனாலதான் 60 மி.லி. சாதா எண்ணெய்க்கு 30 மி.லி. போதும். சூரியகாந்தி எண்ணெய் ஃப்ரிட்ஜ்ல உறையாது, அதையே அடிப்படையா வச்சுக்கலாம். ஆலிவ் எண்ணெய் கெட்டியாகித் திட்டுத் திட்டா நிக்கும், கடலை எண்ணெயும் குளிர்ல கலங்கும்.

டோஸ்டட் எண்ணெய் கிடைக்கலைன்னா வீட்லயே பண்ணலாம். வெள்ளை எள் 50 கிராம், அடி கனமான சட்டி, சிறு தீ, கை விடாம 5 நிமிஷம். படபடன்னு வெடிச்சு, பொன்னிறம் தாண்டி லேசாச் சிவக்கும்போது உடனே தட்டுல கொட்டிடணும், சட்டியிலேயே விட்டா அந்தச் சூட்லயே கருகிடும். கருகின எள் மொத்தக் கலவையையும் கசக்க வைக்கும். ஆறினதும் உரல்ல ஒண்ணு ரெண்டா இடிச்சு, கை பொறுக்கிற சூட்ல இருக்கிற 90 மி.லி. சூரியகாந்தி எண்ணெயில போட்டு ஒரு மணி நேரம் மூடி வச்சு வடிகட்டுங்க. கடை எண்ணெய் அளவுக்கு அழுத்தம் வராது. அதனால டிரெஸ்ஸிங்ல வர்ற ரெண்டு எண்ணெய்க்கும் பதிலா முழுக்க இதையே ஊத்துங்க. வடிச்ச திப்பியையும் சாலட்லயே போட்டுடலாம், வீணாக்க வேண்டாம்.

சோயா சாஸ்: நம்ம ஊர்ல "டார்க்"னு விக்கிற பல பாட்டில்ல காரமல் நிறம் தூக்கலா இருக்கும். ஃப்ரைடு ரைஸுக்கு அது பொருந்தும், குளிர்ந்த சாலட்டுக்கு வேண்டாம். மூலப்பொருள் பட்டியல்ல சோயாபீன், கோதுமை, உப்பு, தண்ணின்னு மட்டும் இருந்தா அது நொதிக்க வச்சது, அதையே வாங்குங்க. "லைட்" வகை தண்ணியா, நிறம் கம்மியா இருக்கும், உப்பு மட்டும் குறைச்சல் இல்லை. வீட்ல டார்க் மட்டும்தான் இருக்குன்னா 75 மி.லி. ஊத்தாதீங்க. 2 மேசைக்கரண்டி மட்டும் ஊத்தி, குறையிற ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் அரை தேக்கரண்டிக்குச் சற்று கம்மியா உப்பும் கொஞ்சம் தண்ணியும் சேர்த்து ருசி பாருங்க.

வினிகர்: வெள்ளைச் செயற்கை வினிகர்ல வெறும் புளிப்பு மட்டும்தான், தொண்டையைப் பிடிக்கும். அரிசி வினிகர் மென்மையானது. அதுக்குப் பதிலா ஆப்பிள் சிடர் வினிகர் நாலு பங்கும் தண்ணி ஒரு பங்கும் கலந்தா நெருங்கி வரும். சூஷிக்குன்னு விக்கிற பாட்டிலா இருந்தா அதுல ஏற்கெனவே சர்க்கரையும் உப்பும் இருக்கும், உங்க சர்க்கரையைப் பாதியாக்கணும். எலுமிச்சை பிழியணும்னா காலையில பிழியுங்க, ராத்திரி பிழிஞ்சா அதோட புது வாசனை விடியறதுக்குள்ள போயிடும்.

கடைசியா ஒண்ணு. குளிர்ல நாக்குக்கு இனிப்பும் வாசனையும் மந்தமாத்தான் தெரியும். அதனால சூடா இருக்கும்போது ருசி பார்த்து "சரியா இருக்கு"ன்னு நிறுத்தினா மறுநாள் குறையும். ஒரு கிண்ணம் எடுத்து அரை மணி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு ருசி பாருங்க, அதுதான் உண்மையான ருசி.

---

அலைகடல்

அலசுவது பற்றி ஒரு மாற்றுக் கருத்து. ஹவாயில் இரண்டு கரண்டிச் சோற்றோடு ஒரே தட்டில் வைக்கும் மக்ரோனி சாலட் இருக்கிறதே, அதில் அலசுவதே இல்லை. வளைந்த மக்ரோனியை நன்றாகக் குழைய, பாக்கெட் நேரத்தைத் தாண்டி வேகவைத்து, வடித்த கையோடு ஆவி பறக்கப் பறக்க வினிகரை ஊற்றுவார்கள். சூட்டில் புளிப்பு உள்ளே வரை இறங்கும். ஆறிய பிறகுதான் பால் விட்டுத் தளர்த்திய மயோனைஸ், துருவிய கேரட். ஜப்பான்காரர்களின் மக்ரோனி சாலட்டும் இதற்கு நெருங்கிய உறவு. உப்பில் பிழிந்த வெள்ளரி, கேரட், ஹாம், அவர்கள் ஊர் மயோனைஸ். 1925 முதல் விற்பனையில் இருக்கும் கியூபி மயோனைஸில் முழு முட்டைக்குப் பதில் மஞ்சள் கரு மட்டும்தான். சுவை அடர்த்தியாக இருப்பது அதனால்.

ஆகவே சூட்டிலேயே வினிகர், அலசல் வேண்டாம் என்பது என் கட்சி.

---

வடிகூடை

அலைகடல், மயோனைஸ் போடும் சாலட்டுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மேலே இருக்கும் மாவுப் பசை மயோனைஸைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதை அலசிவிட்டால் மயோனைஸ் வழுக்கிக்கொண்டு கீழே போகும். ஆறிய பிறகே மயோனைஸ் என்பதும் முக்கியம், சூட்டில் போட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். எள்–சோயா டிரெஸ்ஸிங்கில் அந்தப் பசைக்கு வேலை இல்லை. சோயாவோடு கலந்து பழுப்புக் கூழாகித்தான் நிற்கும். கொரியாவில் பிபிம் குக்சு என்ற காரமான குளிர்ந்த நூடுல்ஸ் செய்பவர்கள் மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குளிர்ந்த நீரில் கையால் தேய்த்தே அலசுகிறார்கள், வழவழப்பு போகும் வரை.

சீனாவின் சிச்சுவான் பக்கத்தில் குளிர்ந்த நூடுல்ஸுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: அலசாமல் பெரிய தட்டில் பரப்பி, எண்ணெய் விட்டுத் தூக்கித் தூக்கிப் போட்டு விசிறியால் ஆற்றுவது. தண்ணீர் படாததால் நூடுல்ஸ் நீர்த்துப் போகாமல் கெட்டியான எள் விழுது, மிளகாய் எண்ணெயெல்லாம் மேலே நன்றாக ஒட்டும். ஸ்பகெட்டியில் சிச்சுவான் வகை செய்வதென்றால் இதைப் பின்பற்றலாம். உடனே சாப்பிடுவதற்கு அருமை. இரவு முழுக்க வைப்பதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

கறிவேப்பிலை_சிங்கை

எள்–சோயாவைத் தாண்டி யோசிக்கிறவர்களுக்கு நிலக்கடலை டிரெஸ்ஸிங். இரவு தங்கிய பாஸ்தாவுக்கு இதுதான் ஆகச் சிறந்த துணை என்பேன், கெட்டியாக இருப்பதால் உடனே உள்ளே இழுபடாது.

250 கிராம் பாஸ்தாவுக்கு: இனிப்பு சேர்க்காத பீனட் பட்டர் 100 கிராம், லைட் சோயா 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, வெல்லத்தூள் ஒரு மேசைக்கரண்டி, சம்பால் ஓலெக் அல்லது அரைத்த சிவப்பு மிளகாய் ஒரு தேக்கரண்டி, பூண்டு ஒரு பல், வெந்நீர் 80 முதல் 120 மி.லி. கடை பீனட் பட்டரில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். அப்படியானால் வெல்லத்தை விட்டுவிடுங்கள். அல்லது வறுத்துத் தோல் நீக்கிய கடலை 100 கிராமை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகும், கடைசியில் எண்ணெய் கக்கித் தளரும். உருண்டையாகும்போது தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

இதில் பலர் தடுமாறும் இடம், சாறும் நீரும் முதலில் பட்டதும் விழுது திடீரென்று இறுகிக் கட்டியாவது. கெட்டுவிட்டது என்று எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அது இன்னும் பிசுபிசுப்பாக்கும். எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும் கடலைத் துகள்கள் கொஞ்சம் ஈரம் கிடைத்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். நிறுத்தாமல் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் பளபளவென்று தளர்ந்து வெளிர் நிறமாகும். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் மறுபடி கெட்டியாகும். பரிமாறும்போது வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி தெளித்துப் புரட்டினால் சரியாகிவிடும்.

சோயா வகையைக் கவனியுங்கள். இங்கே சிங்கப்பூரில் கிடைக்கும் கெச்சாப் மானிஸ் என்ற இந்தோனேசிய சோயா சாஸ் பாகு போல இனிப்பானது, லைட் சோயாவுக்குப் பதில் அதை ஊற்றினால் சாலட் பாயசமாகும். மீன் சாஸ் சாப்பிடுபவர்களுக்கு வியட்நாம் வழி: மீன் சாஸ் ஒரு பங்கு, எலுமிச்சை ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பொடியாக அரிந்த மிளகாயும் பூண்டும். இது தண்ணீராக ஓடும் டிரெஸ்ஸிங் என்பதால் அரிசி வடிவ ஓர்சோ போன்ற சின்ன வகை அல்லது மெல்லிய ஸ்பகெட்டி பொருந்தும். தாய்லாந்துச் சுவைக்குக் கிளிமூக்கு மாங்காயைக் குச்சி குச்சியாக அரிந்து போடுங்கள். அவர்கள் ஊர்ப் பச்சைப் பப்பாளியைத் தேடி அலைய வேண்டாம், அங்கேயே மாங்காயிலும் செய்கிறார்கள்.

புதினா, கொத்தமல்லியெல்லாம் பரிமாறும் நேரத்தில் மட்டும். புளிப்பில் ஊறினால் இரவுக்குள் கறுத்துவிடும். தாய்லாந்து பேசில் இலை கிடைக்கவில்லையென்றால் அதற்குத் துளசியைப் போடாதீர்கள், காரமும் கசப்பும் தனியாக நிற்கும். புதினாவே போதும்.

கொரியக் காரம் வேண்டுமென்றால் கோச்சுஜாங் (நொதித்த மிளகாய் விழுது) 2 பங்கு, சோயா, அரிசி வினிகர், சர்க்கரை, வறுத்த எள் எண்ணெய் ஒவ்வொன்றும் ஒரு பங்கு. வேறு எதுவும் தேவையில்லை.

---

மிளகுக்கொடி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எள்–சோயாவையே வச்சுக்கறேன், ஆபீஸ்ல ஒருத்தருக்கு நிலக்கடலை ஆகாது. இன்னும் மூணு சந்தேகம். 20 பேருக்கு அளவை அப்படியே பெருக்கினா போதுமா? டோஃபு (சோயா பனீர்) சேர்க்கலாமா, சேர்த்தா எப்படி? காலையில 8 மணிக்கு வீட்ல இருந்து கிளம்பினா மதியம் 1 மணிக்குத்தான் சாப்பாடு, ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல இடம் கிடைக்கும்னு நம்ப முடியாது. சென்னை வெயில்ல தாங்குமா?

---

வடிகூடை

மூன்றாவதை முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம். ஃப்ரிட்ஜோ ஐஸோ இல்லாமல் ஐந்து மணி நேரம் தாங்காது. கெட்டுப்போவது மயோனைஸால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மயோனைஸே இல்லாத சாலட்டிலும் ஆபத்து வெந்த பாஸ்தாவில் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பான மாவுப் பண்டத்தில் அவை பெருகி விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெளியே வைத்திருக்கும் நேரம் மொத்தமாக இரண்டு மணிக்கு மேல் போகக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்.

அதனால் வெந்ததை ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று தாம்பாளத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வெப்பம் தாங்கும் பையில், அடியிலும் மேலேயும் உறைய வைத்த ஐஸ் பேக். தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்தாலும் அதே வேலை செய்யும். ஒரே பெரிய டப்பாவைவிட நான்கு தட்டையான டப்பாக்கள் நல்லது, ஐஸின் குளிர் நடுப்பகுதி வரை எட்டும். ஹாட்பேக்கில் போடுவதென்றால் அதிலும் ஐஸ் பேக் வைத்தே மூடுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் பையிலிருந்து எடுத்து, மீதி டிரெஸ்ஸிங் ஊற்றிக் கிளறினால் ருசி எழும்பும்.

பெருக்கும் கணக்கு: மற்ற பதார்த்தங்களும் இருப்பதால் ஆளுக்கு 60 கிராம் உலர் பாஸ்தா போதும், மொத்தம் 1.2 கிலோ. 600 கிராமாக இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் 5 லிட்டர் தண்ணீர், 50 கிராம் உப்பு. ஒரே பாத்திரத்தில் திணித்தால் பாஸ்தா விழுந்ததும் கொதி அடங்கி மறுபடி எழ நேரமாகும், அதற்குள் அடியில் ஒட்டிப் பிடிக்கும். டிரெஸ்ஸிங்குக்கு சோயா 180 மி.லி., வினிகர் 180 மி.லி., சர்க்கரை 5 மேசைக்கரண்டி, சாதா எண்ணெய் 150 மி.லி., வறுத்த எள் எண்ணெய் 70 மி.லி. இஞ்சி 2 மேசைக்கரண்டி. பூண்டை மட்டும் அதே விகிதத்தில் கூட்டாதீர்கள், 3 பல் போதும். பச்சைப் பூண்டின் காரம் இரவெல்லாம் ஊறி ஏறிக்கொண்டே போகும். காய் மொத்தம், பிழிந்த பிறகு, ஒன்றரை கிலோ.

எள்ளும் சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருள்தான். நிலக்கடலை ஆகாதவரிடம் எள், முந்திரி இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டப்பாவின் மேல் "எள், சோயா, கோதுமை" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

செக்கடி

டோஃபுவுக்கு நான் சொல்றேன். கெட்டி வகை 600 கிராம் வாங்குங்க, பட்டு மாதிரி இருக்கிற வகை வேண்டாம், கிளறினா கரைஞ்சிடும். துணியில சுத்தி மேல கனமான பாத்திரம் வச்சு 20 நிமிஷம். அப்புறம் 2 செ.மீ. துண்டா நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு தூவிப் புரட்டி, கொஞ்சம் எண்ணெயில நாலு பக்கமும் சிவக்க விடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள ஒரு மேசைக்கரண்டி சோயாவும் கொஞ்சம் சர்க்கரையும் ஊத்தினா குடிச்சுக்கும். மொறுமொறுப்பு மறுநாள் நிக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனா அந்தச் சிவந்த தோல் இருக்கிறதால டோஃபு உதிராம கடிக்க நல்லா இருக்கும்.

பனீர் வேணாங்க, ஃப்ரிட்ஜ்ல ரப்பர் மாதிரி ஆகிடும். முளைக்கட்டின பயறு போடறதா இருந்தா கொதிநீர்ல அரை நிமிஷம் முக்கி எடுத்துடுங்க, பச்சையா வேண்டாம். எடமாமே (பச்சை சோயா பீன்ஸ்) கிடைச்சா போடலாம், இல்லைன்னா பச்சைப் பட்டாணியே அந்த இடத்தை நிரப்பும். அன்னாசி மட்டும் பச்சையாச் சேர்க்காதீங்க, அதோட நொதி டோஃபுவைச் சொதசொதன்னு ஆக்கிடும். வறுத்த எள்ளைத் தனி டப்பாவுல எடுத்துட்டுப் போய் கடைசியில தூவுங்க, ராத்திரியே தூவினா ஊறி அதோட கரகரப்பு போயிடும்.

கேரட், குடைமிளகாயை ஃபுசிலி நீளத்துக்கே, தீக்குச்சி பருமன்ல அரிஞ்சுக்குங்க. பெரிசா இருந்தா கரண்டியில ஒண்ணு மட்டும்தான் வரும், பாஸ்தாவும் காயும் சேர்ந்து வாய்க்குள்ள போகாது.

---

மிளகுக்கொடி

எள் கேட்டுட்டேன், அவருக்குப் பிரச்சினை இல்லையாம். அப்போ 1.2 கிலோ ஃபுசிலி, நாலு தட்டை டப்பா, ரெண்டு ஐஸ் பேக், மீதி டிரெஸ்ஸிங் பாட்டில் தனி. மிஞ்சினா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து மறுநாள் சாப்பிடலாமா?

---

வடிகூடை

மேசையில் திறந்து வைத்து மீந்ததை வேண்டாம். எல்லா டப்பாவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். பையிலிருந்து எடுக்காமல் குளிர்ச்சியோடு இருக்கிற டப்பாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய் உடனே ஃப்ரிட்ஜில் வைக்கலாம், செய்த நாளிலிருந்து மூன்று நாள் வரை. அதற்குள் விறைத்திருந்தால் சாலட்டாகவே சாப்பிட வேண்டும் என்பதில்லை. இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பெரிய தீயில் கொட்டி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து ஆவி பறக்கும் வரை கிளறுங்கள். இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகிவிடும். சோயா ஊற்ற வேண்டாம், ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.